தோற்ற போரை எழுதிய இரண்டு தளபதிகள்

1962 நவம்பர் 21. திபெத்தில் ஒரு போர்க்கைதி முகாம். தனிச் சிறையில் வைக்கப்பட்டிருந்த இந்திய பிரிகேடியர் ஒருவரை இரவில் சீன மேஜர் தட்டி எழுப்பினார். நல்ல சேதி, நல்ல சேதி என்று உற்சாகமாகக் கத்தினார். சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. கிழக்கில் பிடித்த இடங்களை விட்டுப் பின்வாங்கப்போகிறது. கைதிக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை. எதிரி தான் நினைத்த நாளில் போரைத் தொடங்கினான், தான் நினைத்த நாளில் நிறுத்துகிறான். நம் நாட்டுக்கு இரண்டிலும் பேச்சே இல்லை. இந்த நிலைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை என்றாவது ஒருநாள் நாட்டு மக்களுக்குச் சொல்லியே தீர்வது என்று அந்த இரவில் அவர் தனக்குள் சபதம் செய்துகொண்டார்.

அவர் பெயர் ஜான் பரசுராம் தள்வி. 1920இல் இராக்கின் பாஸ்ரா நகரில் பிறந்தவர், பம்பாயில் படித்தவர், இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் ஜெனரல் ஸ்லிம்மின் படையில் சண்டையிட்டவர். பிடிபடும்வரை 7ஆவது காலாட்படை பிரிகேடின் தளபதி. அவர் சிறையில் இருந்த நேரத்தில் அந்த பிரிகேட் போரிடும் படையாக மிஞ்சியிருக்கவில்லை. 1963 மே மாதம் விடுதலையாகி, கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அவரையும் உடனிருந்த அதிகாரிகளையும் ராணுவம் முறைப்படி வரவேற்றது, மனதார வரவேற்கவில்லை. சீனர்கள் இவர்களை மூளைச்சலவை செய்து அனுப்பியிருப்பார்களோ என்ற சந்தேகம். ராஞ்சிக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். அந்த வடு தள்வியின் எழுத்தில் கடைசிவரை ஆறவே இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1969இல், அவருடைய ‘ஹிமாலயன் பிளண்டர்’ வெளிவந்தது. கன்னடத்தில் ரவி பெளகெரெ மொழிபெயர்த்த பிறகு கர்நாடகத்தின் சிற்றூர்களில்கூட அந்தப் புத்தகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் தள்வி என்ற பெயரைக் கேட்டால் பழைய கிரிக்கெட் ரசிகர்களுக்கு ரஞ்சிக் கோப்பையில் நமக்காக ஆடிய மைக்கேல் தள்வி நினைவுக்கு வரலாம். இந்த பிரிகேடியரின் மகன்தான் அவர். தந்தையின் புத்தகம் இங்கே போதுமான அளவுக்கு வாசிக்கப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

ஓய்வுபெற்ற தளபதிகள் புத்தகம் எழுதுவது புதிதில்லை. அவற்றில் பெரும்பாலானவை நினைவுக் குறிப்புகள்: நான் அங்கே நின்றேன், இப்படிச் சுட்டோம், இன்னார் என்னை ஏமாற்றினார். வரலாற்றாசிரியராக மாறும் தளபதி வேறொரு கேள்வி கேட்கிறார். நான் நின்ற இடத்தில் என்னை ஏன் நிறுத்தினார்கள்? அந்த முடிவு எந்த அறையில், யார் கையெழுத்தில், எதை நம்பி எடுக்கப்பட்டது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியவுடன் தன் போர்க்களத்தைத் தாண்டி, தன் வயதைத் தாண்டி, தனக்கு நேரடியாகத் தெரியாத காகிதங்களுக்குள் போக வேண்டியிருக்கிறது.

இந்த வகையின் மூத்தவர் துசிடிடீஸ். ஏதென்ஸ் நகரின் தளபதி. கிமு 424இல் ஆம்ஃபிபோலிஸ் நகரைக் காக்க ஏழு கப்பல்களோடு விரைந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஸ்பார்ட்டாவின் பிரசிடாஸ் நகரைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். பக்கத்துத் துறைமுகமான ஈயோனை மட்டுமே துசிடிடீஸால் காப்பாற்ற முடிந்தது. தண்டனையாக 20 ஆண்டு நாடுகடத்தல். அந்த ஆண்டுகள்தான் இரு தரப்பையும் பார்த்து எழுதும் வாய்ப்பை அவருக்குத் தந்தன. தன் தோல்வியை அவர் எழுதியிருக்கும் விதம் இன்றும் வியக்க வைக்கிறது: தன்னைப் படர்க்கையில் வைத்து, ஒரு சமாதானமும் சொல்லாமல், சில வரிகளில் கடந்துவிடுகிறார். தள்வியிடம் அந்த நிதானம் கிடையாது. அவருக்கு நேரமும் அதிகமில்லை. 1974இல் 54 வயதில் காலமானார்.

நம்கா சூ

பூட்டான், திபெத், இந்தியா மூன்றும் சந்திக்கும் மூலைக்கு அருகே கிழக்கு மேற்காக நீளும் மலைமுகடு தக்லா. அதன் தெற்குச் சரிவின் அடியில் ஓடும் காட்டாறு நம்கா சூ. 1962 ஜூன் மாதம் ஆற்றுக்குத் தென்கரையில் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் ஒரு சிறு காவல்நிலையை அமைத்தது. தோலா என்று அதற்குப் பெயர். செப்டம்பர் 8ஆம் தேதி சீனப் படையினர் தக்லாவிலிருந்து இறங்கி வந்து அதைச் சூழ்ந்தார்கள். போருக்கான திரி அங்கேதான் பற்றிக்கொண்டது.

அந்த இடம் யாருடையது என்பதிலேயே குழப்பம் இருந்தது. 1914ஆம் ஆண்டு வரைபடத்தில் தடித்த பேனாவால் எல்லையாக இழுக்கப்பட்ட மக்மஹோன் கோடு தக்லாவுக்குத் தெற்கே போகிறது. நீர்பிரி முகடுதான் எல்லை என்ற கொள்கைப்படி பார்த்தால் எல்லை தக்லாவின் உச்சிக்கே போய்விடுகிறது. தோலா அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் சென்னையில் பிறந்த வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபால். அப்போதைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் மகன். நீர்பிரி முகடே எல்லை என்பதுதான் இந்தியாவின் நிலைப்பாடு என்றார் அவர். எல்லை பற்றிய தெளிவு ராணுவத்துக்கு வந்து சேரும்முன்பே தோலாவில் கொடி ஏறிவிட்டது.

செப்டம்பர் 22ஆம் தேதி தில்லியில் நடந்ததைப் படிக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது. பிரதமர் நேரு காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் போயிருந்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் நியூயார்க்கில் ஐ.நா. கூட்டத்தில். சீனர்களை அந்த இடத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று, இருவரும் இல்லாமல் தில்லியில் நடந்த கூட்டத்தில் பேசப்பட்டது. தரைப்படைத் தலைமைத் தளபதி தாப்பர் எழுத்துப்பூர்வமான உத்தரவு கேட்டார். கொடுத்தார்கள். அதில் கையெழுத்திட்டவர் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணைச் செயலாளர் எச்.சி. சரின். ஒரு வல்லரசோடு மோதும் முடிவு இணைச் செயலாளர் ஒருவரின் கையெழுத்தோடு ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டிய கடைக்கோடி தளபதி தள்வி. பஞ்சாப், ராஜபுத்திர, கூர்க்கா, கிரனேடியர் படைப்பிரிவுகளிலிருந்து நான்கு பட்டாலியன்கள் அவருக்குக் கிடைத்தன. அவர்களை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீள ஆற்றங்கரையில் சிதறி நிறுத்தச் சொன்னார்கள். எதிரி மேட்டில், இவர்கள் பள்ளத்தில். பலரும் கோடைக்கால பருத்திச் சீருடையில், ஒரே ஒரு கம்பளியோடு வந்து சேர்ந்தவர்கள். ஆளுக்கு 50 தோட்டாக்கள். ரோடு கிடையாது. சாப்பாடும் வெடிமருந்தும் விமானத்திலிருந்து போடப்பட்டன. அந்தப் பொருள்கள் விழுந்த சாங்தார் மேடு 14,000 அடிக்கும் மேலே. போட்ட மூட்டைகளில் பெரும்பங்கு சரிவுகளில் உருண்டு காணாமல் போனது. மெலிந்த காற்றில், பழக்கமில்லாத குளிரில் நோயுற்று விழுந்தவர்கள் தனி. மலையின் மறுபுறம் சீனர்களுக்கு வண்டிப்பாதை பக்கத்திலேயே இருந்தது.

33ஆவது கோரின் தளபதி உம்ராவ் சிங் இது நடக்காத காரியம் என்று எழுதினார். அவரை இந்தப் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டு 4ஆவது கோர் என்று புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குத் தளபதியாக அக்டோபர் 4ஆம் தேதி வந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல், நேருவுக்கும் மேனனுக்கும் நெருக்கமானவர். போர்க்களத்தில் படை நடத்திப் பழகாதவர் என்று விமர்சகர்கள் அன்றே சொன்னார்கள். கௌலின் அவசரத்தில் பஞ்சாப் படைப்பிரிவின் ஒரு சிறு குழு ஆற்றைத் தாண்டி சேங்ஜோங் என்ற இடத்தில் போய் உட்கார்ந்தது. அக்டோபர் 10 காலை பல நூறு சீனர்கள் அதைத் தாக்கினார்கள். எதிரியின் பலத்தைக் கண்ணால் கண்ட கௌல், நேரில் எடுத்துச் சொல்ல தில்லிக்குக் கிளம்பிவிட்டார்.

தாக்குவதை நிறுத்தி வைப்பது, ஆனால் ஆற்றங்கரையை விடக் கூடாது என்பதே தில்லியில் எடுத்த முடிவு. அக்டோபர் 12ஆம் தேதி இலங்கைக்குப் புறப்படும்போது விமான நிலையத்தில் செய்தியாளர்களிடம், நம் மண்ணிலிருந்து சீனர்களை அகற்றும்படி ராணுவத்துக்கு உத்தரவு போயிருக்கிறது என்று நேரு சொன்னார். உலகம் முழுக்க அது தலைப்புச் செய்தியானது. ஆற்றங்கரையில் பாதி வயிற்றோடு கிடந்த வீரர்கள் தாங்கள் தாக்கப்போகிறோம் என்பதை வானொலி வழியாக அறிந்தார்கள்.

தள்வியின் புத்தகத்தில் அடுத்த எட்டு நாட்கள்தான் இதயப்பகுதி. ஒவ்வொரு நாளும் அவர் பின்வாங்க அனுமதி கேட்கிறார். ஒவ்வொரு நாளும் மறுக்கப்படுகிறது. ஆற்றில் தண்ணீர் வடிந்துகொண்டே வருகிறது, எங்கே வேண்டுமானாலும் இறங்கிக் கடக்கலாம் என்ற நிலை. கௌல் உடல்நலம் குன்றி தில்லியில் படுக்கையிலிருந்தபடியே உத்தரவிடுகிறார். 19ஆம் தேதி சீனர்கள் தாக்குதலுக்குத் தயாராவது கண்ணுக்குத் தெரிகிறது. டிவிஷன் தளபதி நிரஞ்சன் பிரசாதிடம் தொலைபேசியில் தள்வி மன்றாடுகிறார்: என் ஆட்கள் கொல்லப்படுவதை வேடிக்கை பார்க்க முடியாது, வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன். மறுநாள் வந்து பேசுவதாகப் பதில் கிடைக்கிறது.

அந்த மறுநாள் விடியவில்லை. 20ஆம் தேதி அதிகாலை பீரங்கிகள் முழங்கின. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. ராஜபுத்திரர்களும் கூர்க்காக்களும் நின்ற நடுப்பகுதிமீது சீனர்கள் மேலிருந்தும் பின்னாலிருந்தும் பாய்ந்தார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. 2ஆவது ராஜபுத்திர பட்டாலியனில் அன்று களத்தில் இருந்த 513 பேரில் 282 பேர் இறந்தார்கள். அவர்களின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ரிக் காயத்தோடு பிடிபட்டார். தள்வி சில ஆட்களோடு மலைவழியே டிவிஷன் தலைமையகத்தைச் சென்றடைய முயன்று, 22ஆம் தேதி காலை சீன வளையத்துக்குள் போய்ச் சிக்கினார்.

இதை மட்டும் எழுதியிருந்தால் உருக்கமான நினைவுக் குறிப்பு ஒன்று கிடைத்திருக்கும். தள்வி தன் புத்தகத்தில் நம்கா சூவுக்கு வந்து சேர்வதற்கு முன்பு நெடுந்தூரம் நடக்கிறார். 1950இல் திபெத்துக்குள் சீனா நுழைந்தது, 1954 பஞ்சசீல ஒப்பந்தம், எல்லைப் பொறுப்பு ராணுவத்திடம் வந்தது, தளபதிகள் நியமனத்தில் நுழைந்த தனிப்பட்ட விருப்புவெறுப்பு, 1961 நவம்பரில் தொடங்கிய முன்னேறிக் காவல்நிலை அமைக்கும் கொள்கை என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து வருகிறார். குற்றவாளிகள் பட்டியலில் அரசு, எதிர்க்கட்சிகள், பத்திரிகைகள், ராணுவத் தலைமை எல்லாம் இருக்கின்றன. ராணுவத் தலைமையைச் சொல்லும்போது தன்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். அந்த ஒரு சேர்க்கைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

தில்லியில் இருந்தவர்

மேஜர் ஜெனரல் தரித்ரி குமார் பாலித் வேறு வகை மனிதர். 1919இல் பிறந்தவர். ராணுவ வட்டாரத்தில் ‘மான்ட்டி’ என்பார்கள். நன்றாகப் படித்தவர், இளம் வயதிலேயே ராணுவக் கல்வி பற்றி எழுதத் தொடங்கியவர், வீர் சக்ர விருது பெற்றவர். 1962இல் பிரிகேடியர், தரைப்படைத் தலைமையகத்தில் ராணுவ நடவடிக்கைகள் இயக்குநர். வரைபடங்களும் உத்தரவுகளும் அவர் மேசையைக் கடந்துதான் போயின. அவருடைய நேரடி மேலதிகாரி, 4ஆவது கோருக்குப் போகும்வரை, கௌல். இன்னொரு பிணைப்பும் உண்டு: தள்விக்கு முன்பு அதே 7ஆவது பிரிகேடை நடத்தியவர் பாலித். அந்த மலைகளை அவருக்குத் தெரியும். தில்லியிலிருந்த எவரையும்விட நன்றாகத் தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு அவர் முழுநேர ராணுவ வரலாற்றாசிரியர் ஆனார். 1971 வங்கதேசப் போர் பற்றி ‘தி லைட்னிங் கேம்பெய்ன்’, 1973 அரபு இஸ்ரேல் போர் பற்றி ‘ரிட்டர்ன் டு சினாய்’, ஜம்மு காஷ்மீர் படையின் வரலாறு, அஸ்ஸாம் ரைஃபிள்ஸின் வரலாறு. தோலாவில் முதல் காவல்நிலையை அமைத்த அந்தப் படையின் கதையைக்கூட 1984இலேயே எழுதிவிட்டார். சொந்தப் போரை மட்டும் எழுதவில்லை. அதற்கு 1991வரை காத்திருந்தார்: ‘வார் இன் ஹை ஹிமாலயா’. மேனன், கௌல், தள்வி எல்லாரும் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது.

மற்றவர்களின் போர்களை எழுதி எழுதிக் கை பழகியவரின் நடை அது. கோபம் இல்லை. யார் எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார்கள், எந்தக் கோப்பு எப்போது நகர்ந்தது, உளவுத்துறைத் தலைவர் மல்லிக்கின் ஊகங்கள் எப்படி உறுதியான தகவலாக மாறின, சீனா பெரிய அளவில் திருப்பி அடிக்காது என்ற நம்பிக்கையை ஏன் எவரும் உரசிப் பார்க்கவில்லை என்று உள்ளிருந்து காட்டுகிறார். தள்வி கீழிருந்து பார்த்த சுவரின் மறுபக்கம் அவர் நூலில் தெரிகிறது. தள்வி கேட்டு வாங்க முடியாமல் போன அனுமதிகள் தில்லியில் எந்த அறையில் தேங்கின என்பதை பாலித் எழுதியதால்தான் நாம் அறிய முடிகிறது.

பாலித்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கௌலின் வட்டத்தைச் சேர்ந்தவர் என்று அவர்மீது அன்றே முத்திரை குத்தப்பட்டது. தான் அப்படியில்லை என்று காட்ட நூல் நெடுக முயல்கிறார். நான் எச்சரித்தேன், கேட்கவில்லை என்ற தொனி அடிக்கடி வருகிறது. எச்சரித்தவர் உத்தரவுகளை எழுதி அனுப்பவும் செய்தார். நம்கா சூ தோல்வியை அடுத்து தவாங் நகரம் கைவிடப்பட்ட பிறகு சே லா கணவாயில் நிற்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். நவம்பர் 17, 18 தேதிகளில் சே லாவிலிருந்த படை பெரிதாகச் சண்டை போடாமல் கலைந்து பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலில்தான் சே லா படையின் தளபதி பிரிகேடியர் ஹோஷியார் சிங் கொல்லப்பட்டார். இடம் சரியான இடம்தான், விட்டு வந்ததுதான் தவறு என்பது பாலித்தின் வாதம். வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொல்வது நியாயமாகவே தெரிகிறது. ஆனால் ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை நொறுங்கிய தலைமையும், குளிரில் வாடிய படையும் அந்த வரைபடத்தில் இல்லை. தள்வி இருந்திருந்தால் இந்த இடத்தில் அவரை உலுக்கியிருப்பார் என்று தோன்றுகிறது.

விசாரணை தொடாத இடங்கள்

இந்த இருவரும் ஏன் எழுத வேண்டியிருந்தது என்பதற்கு வருவோம். தோல்வியை விசாரிக்க அரசு ஏற்பாடு செய்யவில்லையா? செய்தது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும், இரண்டாம் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் விசாரித்து 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். இருவரும் நேர்மையானவர்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் தரைப்படைத் தலைமையகம் எப்படிச் செயல்பட்டது என்பதை ஆராயும் பொறுப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. அமைச்சகத்தின் பக்கமும் போக முடியாது. தோல்வியின் கால்களைப் பரிசோதித்தார்கள். தலையைத் தொட வாய்ப்பில்லை.

அந்தக் குறையுள்ள அறிக்கையும் மக்களுக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ்-ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதைப் பார்த்துதான் 1970இல் ‘இண்டியாஸ் சைனா வார்’ எழுதினார். சீனாவின் தரப்பை அளவுக்கு மேல் ஏற்றுக்கொண்ட புத்தகம் என்பது என் கருத்து. ஆனாலும் பல்லாண்டுகளுக்கு உலகம் அந்தப் போரை அவர் கண்ணால்தான் பார்த்தது. நம் அரசு வேறு எதையும் கொடுக்கவில்லையே. 2014இல் அறிக்கையின் ஒரு பகுதியை அவரே இணையத்தில் போட்டார்.

பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 2010இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனி, அந்த அறிக்கை இன்றைக்கும் ராணுவ ரீதியாக முக்கியமானது, வெளியிட முடியாது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2014 மார்ச்சில் எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, இத்தனை காலம் மறைத்து வைப்பது சரியில்லை என்று எழுதினார். அதே ஆண்டு ஜூலையில், பாதுகாப்பு அமைச்சராக, வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவையில் பதில் சொன்னார். கட்சி எதுவானாலும் கோப்பு அலமாரியில்தான்.

அரசு வாயை மூடிக்கொண்டால் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் வாயைத் திறக்கிறார்கள். கௌல் 1967இல் தன் தரப்பை எழுதினார். தள்வி பல இடங்களில் அதைத்தான் மறுக்கிறார். மல்லிக் 1971இல் எழுதினார். நிரஞ்சன் பிரசாத் 1981இல் தவாங் வீழ்ந்த கதையை எழுதினார். கிழக்குக் கட்டளைத் தளபதியாக இருந்த எல்.பி. சென்னும் புத்தகம் எழுதினார். அது 1947-48 காஷ்மீர்ப் போர் பற்றியது, அவர் வென்ற போர். 1962 பற்றி அவர் தனி நூல் எழுதாமல் போனது பெரிய இழப்பு. தள்விக்கும் பாலித்துக்கும் நடுவில் இருந்த படிக்கட்டு அவர்தான்.

இப்படி எழுதப்பட்ட வரலாற்றில் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லாமே ஒருவகையில் வழக்கு. ஒவ்வொருவரும் தனக்கான வக்கீல், மற்றவர்களுக்கு எதிரான சாட்சி. ஆவணங்கள் இல்லாதபோது நன்றாக எழுதத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். தள்வியின் கோபம் நம்மை அடித்துக்கொண்டு போகிறது. அவர் தவறாகச் சொல்லும் இடங்களில்கூடச் சேர்ந்து கோபப்படுகிறோம். பாலித்தின் நிதானம் நம்மைச் சமாதானப்படுத்துகிறது; அவர் தப்பித்துக்கொள்ளும் இடங்களில்கூடத் தலையசைக்கிறோம். அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் தள்வி, பிறகு பாலித். வரிசை மாறினால் பாலித்தின் தில்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையைப் பார்க்க நேர்ந்துவிடும். பக்கத்தில் நம்கா சூவின் வரைபடம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்; எந்த உத்தரவு எவ்வளவு மேட்டில் ஏற வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இன்னொரு வகை ராணுவ வரலாற்றாசிரியரும் இந்தக் கதையில் உண்டு: அரசுக்காகவே எழுதியவர். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1962 போரின் அதிகாரபூர்வ வரலாற்றை 1992இல் முடித்தது. எழுதியவர்கள் பி.பி. சின்காவும், ராணுவத்தில் கர்னலாக இருந்த ஏ.ஏ. ஆத்தலேயும். கோப்புகள் அவர்களுக்குத் திறக்கப்பட்டன. முடித்த நூலைப் பொதுமக்களுக்கு வெளியிடாமல் கட்டுப்படுத்தப்பட்ட சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகை வழியாக இணையத்தில் கசிந்த பிறகே மற்றவர்கள் படிக்க முடிந்தது. ஒரு நாடு தன் பணத்தில், தன் அதிகாரிகளைக் கொண்டு, தன் போரின் வரலாற்றை எழுத வைத்து, அதைத் தன் மக்களிடமிருந்து மறைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அரசுக் கணக்கின்படி அந்தப் போரில் இறந்தவர்கள் 1,383 பேர், காணாமல் போனவர்கள் 1,696 பேர், பிடிபட்டவர்கள் 3,968 பேர். அவர்களின் பிள்ளைகளுக்கே இப்போது அறுபது வயதைத் தாண்டியிருக்கும். அப்பா எந்த உத்தரவின் பேரில் எங்கே நின்றார் என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு இல்லையா?

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் புதிய கொள்கை ஒன்றை அறிவித்தது. போர் நாட்குறிப்புகளும் நடவடிக்கைக் கோப்புகளும் பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். அதற்கும் மேல் பழையவற்றை வல்லுநர்கள் ஆராய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். இனி நடக்கும் போர்களின் வரலாறு ஐந்தாண்டுக்குள் தொகுக்கப்பட வேண்டும். தொகுக்கும் குழுவில் முப்படைகளும் வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களும் இருக்கும். தேவைப்பட்டால் ராணுவ வரலாற்றாசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வரிசையில் முதலில் வெளியே வர வேண்டியவை 1962 செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 20வரை 7ஆவது பிரிகேடுக்கும் 4ஆவது டிவிஷனுக்கும் தில்லிக்கும் இடையே போன செய்திகள். தள்வி கேட்டதும் மேலே மறுத்ததும் அந்தத் தாள்களில் தேதியோடு, நேரத்தோடு, கையெழுத்தோடு இருக்க வேண்டும். அவை வந்தால் இரண்டு தளபதிகளின் புத்தகங்களையும் வரிக்கு வரி சரிபார்க்கலாம்.